சுவர் அழுதது... குழந்தை இருமியது!

"சுவத்துல ஈரம்னா யாராவது வீட்டைக் காலி பண்ணுவாங்களா? ஒன்பது லட்சம் உள்ளே மாட்டிக்கிட்டு இருக்கு. நல்லா யோசிச்சுப் பண்ணுங்க!"

சொந்தக்காரர்கள், ஆபீஸ் சிநேகிதிகள், தெருவில் வரும் காய்கறிக்காரம்மா வரை இதைச் சொல்லாதவர்கள் இல்லை. நாங்களும் யோசிக்காமல் இல்லை. யோசித்து யோசித்தே மூன்று மாதம் ஓடிப்போனது. அந்த மூன்று மாதமும் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து இருமியது எங்கள் ஆறு வயசுப் பெண்.

2023 ஏப்ரலில் தாம்பரம் பக்கம் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட்டுக்கு லீஸுக்குப் போனோம். லீஸ் என்றால் தெரியுமில்லையா? மாசா மாசம் வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை ஓனர் கையில் கொடுத்துவிட வேண்டும். காலி பண்ணும்போது அதே தொகையை அவர் திருப்பித் தர வேண்டும். எங்களுக்கு மூன்று வருஷம், ஒன்பது லட்சம். என் நகை கொஞ்சம், இவருடைய பி.எஃப். கொஞ்சம், பாங்க் சேமிப்பு மீதி. 'வாடகைக் காசு மிச்சம்' என்று கணக்குப் போட்டுக் குதித்தோம்.

வீடு பளபளவென்று இருந்தது. புது பெயின்ட் வாசனை. சித்திரை வெயிலில் பார்த்தால் எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும் என்று யாருக்குத் தோன்றுகிறது? மாடி ஃபிளாட் அப்போது காலியாகக் கிடந்தது. அதுவும் எங்களுக்கு நல்லதாகவே பட்டது. தலைக்கு மேல் 'தட தட' சத்தம் இல்லையே!

ஜூனில் மாடிக்குக் குடி வந்தார்கள். ஆகஸ்ட் வாக்கில் படுக்கையறைச் சுவரின் மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. அக்டோபர் கடைசியில் மழை பிடித்ததும் அந்தக் கறை இலங்கை மாதிரி ஆகி, பிறகு இந்தியா மாதிரி ஆனது. பெயின்ட் பொரிந்து அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் கருகருவென்று புள்ளிகள். மடித்து வைத்த பட்டுப் புடவையில்கூட ஒரு மக்கல் வாடை.

நானும் என் மாமியாரும் என்ன செய்தோம் தெரியுமா? வாடை போகட்டும் என்று தினம் சாயங்காலம் சாம்பிராணி போட்டோம். மழையில் கொசு ஜாஸ்தி என்று ராத்திரி கொசுவர்த்திச் சுருள். துணி காயவில்லை என்று அதே அறையில் குறுக்கே கொடி கட்டி உலர்த்தினோம். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்தினோம். ஒரு குழந்தையின் நுரையீரலுக்கு என்னவெல்லாம் ஆகாதோ, அதையெல்லாம் பாசத்தோடு செய்து வைத்தோம்!

முதலில் சளி என்றுதான் நினைத்தோம். கஷாயம், துளசி, இருமல் சிரப். பகலில் நன்றாக ஓடியாடுவாள். படுத்த ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்துவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சில் 'ங்கொய்ங்' என்று ஒரு விசில். நவம்பரில் குழந்தைகள் டாக்டரிடம் போனபோது அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, மருந்து எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்ல எங்கயாவது சுவர் ஓதம் அடிக்குதாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சுவரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஈரச் சுவருக்கும் இழுப்புக்கும் உள்ள சம்பந்தத்தை டாக்டரம்மா எளிமையாகச் சொன்னார். பூஞ்சைக்கு வேண்டியது ஈரம் ஒன்றுதான். பெயின்ட், மரப்பலகை, அட்டை, துணி என்று எதிலும் அது வளரும். வளர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத வித்துகளைக் காற்றில் விடும். அறையில் ஈரப்பதம் ஏறினால் மெத்தை, தலையணையில் இருக்கிற தூசிப் பூச்சிகளும் பெருகும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இரண்டுமே ஆகாது. மூச்சுக்குழாயின் உட்புறம் வீங்கிச் சுருங்கும். அந்த விசில் சத்தம் அதுதான். 2009-ல் உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் ஈரம், பூஞ்சை பற்றித் தனியாகவே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஓதம் அடிக்கும் வீட்டில் வசிப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதுதான் அதன் சாராம்சம்.

"அதுக்காக ஈரச் சுவர் இருக்கிற எல்லா வீட்லயும் எல்லாக் குழந்தைக்கும் வீசிங் வரும்னு அர்த்தமில்லை. உங்க குடும்பத்துல யாருக்காவது இருக்கா?"

இவருடைய அப்பாவுக்கு இருந்தது. 'ஆஸ்துமா' என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'பனிக்கு ஆகாது' என்பார்கள்.

ஸ்பேசரோடு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். என் மாமியார் விடவில்லை. "பம்பு வெச்சா அப்புறம் ஆயுசுக்கும் பம்புதான்!" என்றார். பல வீடுகளில் இந்தப் பயம் இருக்கிறது. டாக்டரம்மா அத்தையை உட்கார வைத்து விளக்கினார். சிரப்போ மாத்திரையோ வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்குப் போக வேண்டும். இன்ஹேலர் மருந்து நேராக அங்கேயே போவதால் மிகக் கொஞ்சம் போதும். அது பழக்கமாகிவிடும் மருந்து இல்லை. அத்தை தலையாட்டினார். இப்போது ஸ்பேசரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் தானே காய வைப்பது அத்தையின் டியூட்டி.

மருந்தோடு இன்னொன்றும் சொன்னார் டாக்டரம்மா: "நான் உள்ளே நெருப்பை அணைக்கிறேன். நீங்க வெளியே விறகை எடுங்க."

விறகை எடுக்க ஓனருக்கு ஃபோன் போட்டோம்.

"பார்க்கலாம் தம்பி..." என்றார். பத்து நாள் கழித்து ஒரு பெயின்டர் வந்தார். சுரண்டினார், பட்டி பார்த்தார், இரண்டு கோட் அடித்தார். சுவர் மறுபடி பளபள. மூன்றாவது வாரம் அதே இந்தியா, அதே இடத்தில்!

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே பெயின்ட் அடிப்பது புண்ணுக்குப் பவுடர் போடுகிற மாதிரிதான். இது நம் ஊர் ஓனர்களின் வழக்கம் மட்டுமில்லை. இங்கிலாந்தில் ராச்டேல் என்கிற ஊரில் அவாப் இஷாக் என்கிற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. படுக்கையறை, குளியலறை, சமையலறை எங்கும் பூஞ்சை. 2017-லேயே அப்பா புகார் செய்திருக்கிறார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பூஞ்சையால் வந்த கடுமையான சுவாசக் கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். 2023-ல் அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. அரசு சார்ந்த வாடகை வீடுகளில் இத்தனை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், சரி செய்ய வேண்டும் என்று கெடு வைக்கிற சட்டம். 2025 அக்டோபரிலிருந்து அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை, ஜன்னல் திறக்க முடியாது. சுவரிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வழிந்தது. கரண்ட் வந்த மறுநாள் சுவிட்ச் போர்டு பக்கம் கை வைத்த இவருக்குச் 'சுரீர்' என்று ஷாக். எலெக்ட்ரீஷியன் வந்து அந்த போர்டுக்கான லைனையே துண்டித்துவிட்டுப் போனார். அதே வாரம் ஒரு நடு ராத்திரி குழந்தை மூச்சுக்குத் தவிக்க, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. பேச்சு ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. நெபுலைசர் வைத்தார்கள். (இந்த இரண்டில் எதைப் பார்த்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.)

அரையாண்டு லீவுக்குத் திருச்சியில் என் அம்மா வீட்டுக்குப் போனோம். பத்து நாள். ஒரு நாள்கூட ராத்திரி இருமல் இல்லை. ஜனவரி ஒன்றாம் தேதி திரும்பினோம். இரண்டாம் தேதி ராத்திரி ஆரம்பித்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஒரு தடவை நடந்ததை வெச்சு நிரூபணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அலட்சியப்படுத்தவும் மாட்டேன்" என்றார். மருந்துச் சீட்டிலேயே 'ஓதமான அறையில் குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு உதவியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்த பிளம்பர் ஒருவர் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். மாடி வீட்டு அக்காவிடம் கெஞ்சி, அவர்கள் பாத்ரூம் தரையில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை இரண்டு பக்கெட் ஊற்றினார். மறுநாள் காலை எங்கள் சுவரில் நீலக் கறை! குழந்தையின் தலைமாட்டில் இத்தனை மாதம் ஊறியது மழைத் தண்ணீரே இல்லை. மாடி வீட்டுக் குளியல் தண்ணீர். தரையில் தண்ணீர் இறங்குகிற நஹானி டிராப்பைச் சுற்றி வாட்டர்ப்ரூஃபிங் போய்விட்டது. மழைக்காலத்தில் சுவர் காய வழியில்லாமல் வெளியே தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காரணம் தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? எங்கள் ஓனர், "அது மாடி ஓனர் செய்ய வேண்டியது" என்றார். மாடி ஓனர் துபாயில். "எங்க வீட்ல லீக் இல்லையே" என்றார். அசோசியேஷன் செக்ரெட்டரி, "ரெண்டு ஃபிளாட்டுக்குள்ள இருக்கிற பிரச்னை, அசோசியேஷன் தலையிடாது" என்றார். மூன்று பேர் பேசியதிலும் கொஞ்சம் நியாயம் இருந்ததுதான் கொடுமை.

அன்று ராத்திரிதான் இவர் சொன்னார், "காலி பண்ணிடலாம்."

வக்கீலாக இருக்கும் உறவினர் அக்ரிமென்ட்டைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். 1882-ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. ஓனர் செய்தே ஆக வேண்டிய ரிப்பேரை, நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு அந்தச் செலவை வாடகையில் வட்டியோடு கழித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் அமலில் இருக்கும் வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டமும் குழாய் மாற்றுவது, கட்டட ரிப்பேர், வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்றும், குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரி சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு என்றும் பிரித்துச் சொல்கிறது.

"ஆனா, நீங்கதான் வாடகையே குடுக்கலையே! எதுல கழிப்பீங்க?" என்று கேட்டார்.

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. லீஸில் உள்ள சூட்சுமமே இதுதான். வாடகைக்கு இருப்பவர் கையில் மாசா மாசம் ஒரு பிடி இருக்கிறது. நாமோ முழுப் பிடியையும் முதல் நாளே ஓனர் கையில் கொடுத்துவிட்டோம். அவர் அதை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்தாகிவிட்டது. அடுத்த ஆள் லீஸுக்கு வந்து பணம் கொடுத்தால்தான் நமக்குத் திரும்பும். போதாக்குறைக்கு மூன்று வருஷ அக்ரிமென்ட்டை ரிஜிஸ்டர் செய்யவில்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸ் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டுமாம். செய்யாத பத்திரம் கோர்ட்டில் காலை வாரிவிடும். நல்ல வேளை, ஒன்பது லட்சத்தையும் பாங்க் மூலமாகவே கொடுத்திருந்தோம்.

வக்கீல் சொன்னபடி ஒரு கடிதம் எழுதினோம். கோபமில்லாமல், தேதிவாரியாக. என்று கறை தெரிந்தது, என்று ஃபோன் செய்தோம், என்று பெயின்டர் வந்தார், எலெக்ட்ரீஷியன் என்ன சொன்னார், ஆஸ்பத்திரிக்கு என்று போனோம். கூடவே நீலக் கறை ஃபோட்டோவும் டாக்டரம்மா எழுதிய சீட்டின் நகலும். '15 நாளுக்குள் ரிப்பேர் செய்யுங்கள், இல்லாவிட்டால் அக்ரிமென்ட்டில் உள்ள மூன்று மாத நோட்டீஸாக இதையே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று முடித்தோம். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். (பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. இப்போது அனுப்புகிறவர்கள் ஸ்பீடு போஸ்ட்டில் டெலிவரி அத்தாட்சி கேட்டு அனுப்பலாம்.) வாய்வார்த்தையாக இருபது தடவை சொன்னபோது வராத ஓனர், அட்டையில் கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள் வீட்டு வாசலில் நின்றார்.

"என்னம்மா, கோர்ட்டு கேஸுன்னு போறீங்க? நான் உங்களைப் பெத்த பொண்ணு மாதிரி நெனச்சேனே..."

வந்தவர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பணம் வரும்வரை சாவியைக் கொடுக்காதே என்பது வக்கீலின் கண்டிப்பு. குழந்தையை அங்கே ஒரு ராத்திரிகூடப் படுக்க வைக்காதே என்பது டாக்டரின் கண்டிப்பு. இரண்டையும் காப்பாற்ற வேண்டுமே? பிப்ரவரியில் பக்கத்துத் தெருவில் முதல் மாடியில் சின்னதாக ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தோம். லீஸ் வீட்டில் பீரோவும் கட்டிலும் கிடக்க, பூட்டுப் போட்டுச் சாவியை நாங்களே வைத்துக்கொண்டோம். வாடகை மிச்சம் என்று போனவர்கள், ஒரு வீட்டுக்கு லீஸ், ஒரு வீட்டுக்கு வாடகை என்று இரண்டையும் சுமந்தோம்!

சாமான் எடுக்கும்போது பூஞ்சையைச் சும்மா துடைப்பத்தால் தட்டிவிடப் போனேன். அது தப்பு. காய்ந்த பூஞ்சையைத் தட்டினால் வித்து வீடு முழுக்கப் பறக்கும். குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு, மாஸ்க், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காய வைக்க வேண்டும். ப்ளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒன்றாக மட்டும் கொட்டிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். பூஞ்சையை விட்டு அதில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டோம். நனைந்த பொருள் 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். எங்கள் மெத்தை மூன்று மாதம் ஊறியது.

இனி சொல்லப்போவதுதான் இன்றைக்கும் என் மனதை விட்டுப் போகாதது.

மார்ச்சில் ஓனர் ஃபோன் செய்தார். "லீஸுக்கு ஆள் வர்றாங்க. பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கேன். நீங்க கதவை மட்டும் திறந்து விடுங்க. எதுவும் பேச வேணாம். அவங்க பணம் குடுத்தாதான் உங்களுக்குப் பணம். புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. பெயின்ட் வேலைக்குச் சாவி கொடுத்ததே நாங்கள்தான்.

வந்தவர்கள் சின்ன வயசுத் தம்பதி. அந்தப் பெண்ணின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. மாசி வெயிலில் சுவர் பளபளவென்று இருந்தது. "நல்லா காத்தோட்டமா இருக்குல்ல?" என்றாள் புருஷனிடம். பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க்கா காலி பண்றீங்க? சொந்த வீடா?" என்று கேட்டாள்.

எங்கள் ஒன்பது லட்சம் அவள் கையில் இருந்தது. 'ஆமாம், ஸ்கூல் தூரம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் நின்ற இவர் தொண்டையைக் கனைத்தது எதற்கென்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"அந்த பீரோவை நகர்த்திப் பாரும்மா" என்றேன்.

பெயின்டர் பீரோவுக்குப் பின்னால் அடிக்கவில்லை. அவள் பார்த்தாள். குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நிமிஷத்தில் போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி ஓனர் ஃபோனில் பேசியதை இங்கே எழுத முடியாது. இவரும் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நகை வைத்த பணம் அல்லவா! நான் செய்தது சரிதானா என்று எனக்கே ஆட்டம் கண்டது. ஆனால், ஒன்று நடந்தது. இனி வருகிறவர்களிடமும் இவள் சொல்லத்தான் போகிறாள் என்று தெரிந்த பிறகு, ஓனர் தானாகவே துபாய்க்காரரைப் பிடித்து உலுக்கினார். ஏப்ரலில் மாடி பாத்ரூம் தரையை உடைத்து, குழாயை மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, தண்ணீர் தேக்கி வைத்துப் பார்த்தார்கள். செலவை இரண்டு ஓனர்களும் பாதிப் பாதி போட்டுக்கொண்டார்களாம். முழுசாக ஒரு வாரம் பிடித்த வேலை. அதற்கு எங்களை ஐந்து மாதம் அலைய விட்டார்கள்!

மே மாதம் வேறொரு குடும்பம் லீஸுக்கு வந்தது. சுவர் அப்போது நிஜமாகவே காய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு நானே நடந்ததையும் ரிப்பேர் ஆனதையும் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். எங்களுக்கு ஐந்து லட்சம் வந்தது. அன்று சாவியைக் கொடுத்தோம். மீதிக்குத் தேதி போட்டு எழுதி வாங்கினோம். ஆகஸ்டில் மூன்று லட்சத்து அறுபத்தைந்தாயிரம் வந்தது. 'பெயின்டிங் செலவு' என்று முப்பத்தைந்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டார். எந்த பெயின்டிங் என்று நான் கேட்டேன்.

புது வீட்டில் அத்தை சாம்பிராணி போடுவதில்லை. சுருளுக்குப் பதில் கொசுவலை. துணி மொட்டை மாடியில் காய்கிறது. முதல் மழைக்காலத்தில் பெண்ணுக்கு இரண்டே தடவைதான் இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. இன்ஹேலரை நாங்களாக நிறுத்தவில்லை. டாக்டரம்மா பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் குறைக்கிறார். போன தடவை போனபோது பெண்ணே அவரிடம், "எங்க வீட்டுச் சுவர் இப்ப அழறதில்லை டாக்டர்" என்றாள்.

முப்பத்தைந்தாயிரம் இன்னும் வரவில்லை. மாசம் ஒரு தடவை இவர் ஃபோன் செய்கிறார். "பார்க்கலாம் தம்பி" என்கிறார் அவர்.